நடித்த நாவும் எழுதிய கையும்

நாடகம் எழுதுவோர் வேறு, நாடகம் நடிப்போர் வேறு என்னும் பிரிவு இக்காலத்தார் மனத்தில் ஆழ வேரூன்றியதொன்று. முற்காலத்தில் இப்பிரிவு அத்துணை உறுதியாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் மகாகவி நடிகர் கூட்டத்தில் ஒருவராக நின்றே நாடகம் இயற்றினார். 1598 ஆம் ஆண்டில் பென் ஜோன்சனின் நாடகமொன்றில் நடித்தோர் வரிசையில் அவர் பெயர் காணப்படுகின்றது. பிரான்சு தேசத்து மொலியேர், தாம் எழுதிய நாடகத்தில் நோயாளி வேடந்தாங்கி நடித்த அன்றிரவே, 1673 இல், உயிர் நீத்தார். மேடையிற் பழகியவர் பேனாவைக் கையிலெடுக்கும்போது அவருக்குக் கிட்டும் நன்மை யாது, அவரை எதிர்நோக்கும் இடர் யாது என்னும் வினாக்கள் நாடகக் கலையை நேசிப்போர் சிந்திக்கத்தக்கன.

இவ்வினாக்களை ஆராய ஏற்றதொரு களம் அமெரிக்க நாட்டில் 1930 ஆம் ஆண்டளவில் தோன்றி வளர்ந்த தொடர் நாடகமாகும். பகற்பொழுதில் வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருக்கும் மகளிரைக் கருத்திற்கொண்டு, முதலில் வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும், நாள்தோறும் இந்நாடகங்கள் நிகழ்ந்தன. இவற்றின் செலவைச் சவர்க்காரம் செய்யும் பெருங் கம்பனிகள் ஏற்றுக்கொண்டன. ஆதலினால் 'சவர்க்கார நாடகம்' என்னும் பரிகாசப் பெயர் இவற்றுக்கு வாய்த்தது. பெயர் பரிகாசமாயினும் தொழில் பரிகாசத்துக்குரியதன்று. மேடை நாடகத்தில் திரை விழுந்தாற் கதை தீர்ந்தது. தொடர் நாடகத்திலோ திங்கள் முதல் வெள்ளி வரை, ஆண்டில் ஏறக்குறைய 250 நாள், கதை நடந்துகொண்டேயிருக்கும். இளம் மனைவியாக நாடகத்துட் புகுந்த நடிகை, அதே பாத்திரத்திற் பாட்டியாக முதிர்வதும் உண்டு. இத்தகைய நாடகத்துக்கு எழுதுவோர் ஒரு கதையை அன்று, பல மனிதரின் வாழ்நாளையே எழுதுகின்றனர்.

இத்துறைக்கு வித்திட்டோருள் முதன்மையானவர் ஏர்னா பிலிப்ஸ் அம்மையார். இவர் 1901 இல் சிக்காக்கோ நகரில், பிள்ளைகள் பலரைக் கொண்ட குடும்பத்திற் கடைக்குட்டியாகப் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற காலத்தில், மேடைக்கு வேண்டிய தோற்றப் பொலிவு அவரிடம் இல்லையென்று கூறப்பட்டது. எனவே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரிற் கற்பித்தார். ஆயினும் நடிப்பாசை அவரை விட்டு நீங்கவில்லை. சிக்காக்கோவுக்கு வந்த சமயத்தில், டபிள்யூ. ஜீ. என். வானொலி நிலையத்தை நாடிச் சென்று குரல் நடிகையானார். தோற்றத்தைக் காரணங்காட்டி அடைக்கப்பட்ட கதவு, தோற்றமே தெரியாத வானொலியிலே திறந்தது.

1930 இல் அந்நிலையத்தார் ஒரு குடும்பத்தின் கதையை நாள்தோறும் எழுதித் தருமாறு அவரைக் கேட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் 'பெயின்டட் ட்ரீம்ஸ்', அதாவது 'தீட்டிய கனவுகள்', ஆரம்பமாயிற்று. அதன் நடுநாயகமாக விளங்கிய மொய்னிஹன் அன்னை என்னும் பாத்திரத்தைப் பிலிப்ஸ் அம்மையாரே ஏற்று நடித்தார். காலையில் எழுதியதை ஒலிவாங்கியின் முன் தாமே பேசவேண்டிய நிலை அவருடையது. ஒரு வசனம் ஒரு மூச்சில் அடங்குமா, நாவிலே தடக்குமா, கேட்போர் செவியிற் கற்பனைப் பேச்சாக விழுமா, அயல் வீட்டுப் பேச்சாக விழுமா என்பதை அறிய அவர் எவரிடமும் போகவேண்டியிருக்கவில்லை. அவருடைய நாவே அவருக்கு ஆசானாயிற்று.

பிற்காலத்தில் அவர் நடிப்பை விட்டு எழுத்தையே முழுத் தொழிலாகக் கொண்டார். ஆயினும் எழுதிய முறையில் நடிகையாகவே இருந்தார். அறையினுள் உலாவியவாறே தாயாகவும் மகளாகவும் மருமகனாகவும் குரலை மாற்றிப் பேசுவார். உதவியாளர் அதனைத் தட்டச்சிற் பதிப்பார். அவ்வாறு ஒரே காலத்திற் பல நாடகங்களை நடத்திய அவர், ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் சொற்களை ஆக்குகின்றார் என 1940 களிற் பேசப்பட்டது. பேசிப் பேசி எழுதியிராவிடின் இத்துணைப் பெருந்தொகை கைகூடியிராது.

நடிகையாயிருந்தபோது அவர் எண்ணியிராத இடரொன்று எழுத்தாளரானதும் எதிர்ப்பட்டது. தீட்டிய கனவுகள் மக்களிடையே பெயர்பெற்றதும், அதனை நாடளாவிய ஒலிபரப்புக்கு விற்க அவர் விரும்பினார். நாடகம் தமக்கே உரியதென நிலையத்தார் கூறினர். 1932 இல் அவர் விலகினார். வழக்கும் தொடுத்தார், பல்லாண்டு இழுபட்ட அவ்வழக்கில் இறுதியில் தோற்றார். தாம் படைத்த அன்னையைப் பிறர் பேசி நடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டியவரானார். நடிகர் ஒருவர் விலகினால் தம் குரலையும் உடலையும் கொண்டே விலகுகின்றார். எழுத்தாளரோ தம் படைப்பைப் பிறர் வாசலில் விட்டுச் செல்ல நேரிடும். இவ்வேறுபாட்டைத் துயருற்றுக் கற்ற அவர், அதன்பின் தம் நாடகங்களின் உரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள முயன்றார்.

அதே ஆண்டில் வேறொரு நிலையத்தில் 'டுடேஸ் சில்ட்ரன்' என்னும் புதிய நாடகத்தை ஆரம்பித்தார். அதன் நாயகியான மோரன் அன்னைக்குப் பிலிப்ஸ் அம்மையாரின் சொந்தத் தாயாரே மூலமாய் அமைந்தவர். 1938 இல் அத்தாயார் காலமானார். நாடகம் புகழுடன் நடந்துகொண்டிருந்தபோதும் அதனை நிறுத்திவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். உயிருள்ள ஒருவரின் சாயலை நாள்தோறும் பேசி வந்தவருக்கு, அவர் மறைந்தபின் அப்பேச்சைத் தொடர்தல் இயலாதாயிற்று.

1937 சனவரியில் அவர் ஆரம்பித்த 'த கைடிங் லைட்' என்னும் 'வழிகாட்டும் ஒளி' வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறிய வரலாறு தனிச் சிறப்புடையது. தொலைக்காட்சியை அவர் முதலில் அணுகியது 1949 இல். அவ்வாண்டு சிக்காக்கோவிலிருந்து ஒளிபரப்பான அவரது நாடகம் ஒரு மாதமளவிலேயே முடிவுற்றது. வானொலி எழுத்தை அப்படியே படப்பெட்டியின் முன் வைத்தால் அது நில்லாது என்பது தெளிவாயிற்று. 1952 சூனில் வழிகாட்டும் ஒளி தொலைக்காட்சிக்கு வந்தபோது, வானொலி வடிவமும் 1956 வரை உடன் நடந்தது. ஒரே கதையை ஒரே நாளில் இருமுறை, ஒருமுறை கண்ணுக்கும் ஒருமுறை காதுக்குமாக, நடிகர் நடித்தனர்.

இவ்வனுபவத்தின் பயனாக 1956 ஏப்பிரல் 2 ஆம் திகதி பிறந்தது 'அஸ் த வேர்ள்ட் டேர்ண்ஸ்'. 'உலகம் சுழல்கையில்' என இதனைத் தமிழிற் கூறலாம். அதுவரை 15 நிமிடமாயிருந்த பகல் நாடகம் இதனுடன் 30 நிமிடமாக வளர்ந்தது. முதல் நாளின் முதற் பேச்சு, நான்சி ஹியூஸ் என்னும் இல்லத்தரசி தன் கணவருக்குக் கூறும் காலை வாழ்த்தே. கொலையில்லை, கூக்குரலில்லை, சமையலறை, கோப்பி, குடும்பப் பேச்சு. வானொலியில் மனத்துயரைச் சொல்லாற் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் ஒரு தாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாய் திறவாது நின்றாலே போதும். வானொலி நடிகையாயிருந்த பிலிப்ஸ் அம்மையார், எந்த இடத்திற் பேச்சை நிறுத்தி முகத்துக்கு இடம் விடவேண்டும் என்பதை இக்காலத்தில் அறிந்துகொண்டார்.

இங்கே வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். நடிகையாயிருந்தவர் நடிகரிடம் பரிவு கொண்டவராயிருப்பார் என்று எதிர்பார்த்தல் இயல்பு. பிலிப்ஸ் அம்மையார் அத்தகையவராக இருக்கவில்லை. நான்சியாக நடித்த ஹெலன் வாக்னர், கோப்பி ஊற்றிய விதம் அவருக்குப் பிடிக்காமற்போனமையால் ஆரம்ப காலத்திலேயே நீக்கப்பட்டார் எனக் கூறுவர். பின்னர் பிறர் தலையிட, அந்நடிகை மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாறு மீண்டவரே 2010 மே மாதத்திற் காலமாகும்வரை, இடைக்கிடை விலகியிருந்தபோதும், ஐம்பது ஆண்டுக்கு மேலாக நான்சியாக வாழ்ந்தார். ஒரு கணத்துச் சினம் நிலைத்திருந்தால் அவ்வரிய பாத்திரம் முளையிலேயே கருகியிருக்கும். நடிப்புத் தந்த செவியைப் பிலிப்ஸ் அம்மையார் எழுத்துக்குக் கொண்டுவந்தார். நடிப்புத் தந்திருக்கவேண்டிய பரிவைக் கொண்டுவந்தாரல்லர்.

அப்பரிவையும் உடன் கொண்டுவந்த ஒருவரை, அவர் வித்திட்ட அதே நாடக மரபிலேயே காணலாம். அவர் டக்ளஸ் மார்லண்ட். நியூ யோர்க் மாநிலத்தைச் சேர்ந்த இவர் தொழிலால் நடிகர். 'த பிரைட்டர் டே', உலகம் சுழல்கையில் ஆகிய தொடர்களில் நடித்தார். இவ்விரண்டும் பிலிப்ஸ் அம்மையாரின் படைப்புக்களே. பெரும் புகழ் பெற்ற நாயகனாக இவர் விளங்கவில்லை. பிறர் எழுதியதை மனனஞ் செய்து, பிறர் காட்டிய இடத்தில் நின்று பேசிய பல நடிகருள் ஒருவராகவே இருந்தார். 1970 களில் 'அனதர் வேர்ள்ட்' என்னும் தொடரில், ஹாடிங் லெமே என்னும் தலைமை எழுத்தாளரின் கீழ் எழுதத் தொடங்கினார். அதுவும் பிலிப்ஸ் அம்மையார் 1964 இல் வில்லியம் பெல் என்பாருடன் சேர்ந்து தோற்றுவித்த நாடகமே.

மார்லண்ட் எழுத வந்த காலத்தில் இத்தொழிலின் அமைப்பு மாறியிருந்தது. நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மணி நேரமாக நீண்டன. உலகம் சுழல்கையில் 1975 திசம்பரில் அந்நீளத்தை அடைந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேர நாடகத்தைத் தனியொருவர் எழுதுதல் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆகவே வேலை பங்கிடப்பட்டது. தலைமை எழுத்தாளர் பல மாதத்துக்குரிய கதைப்போக்கை வகுப்பார். அதனை ஒருவர் வாரமாகவும் நாளாகவும் காட்சியாகவும் பிரிப்பார். வேறு சிலர் ஒவ்வொரு நாளுக்குமுரிய உரையாடலை எழுதுவர். மற்றொருவர் எல்லாவற்றையும் ஒப்புநோக்கித் திருத்துவார். இவ்வாறு பலர் கைபட்டு வரும் பிரதியை நடிகர் இரவிற் பாடஞ்செய்து மறுநாள் நடிக்கவேண்டும். நேற்றுப் பேசிய குணத்துக்கு மாறாக இன்று அப்பாத்திரம் பேசுமாயின், அதனை முதலில் உணர்பவர் நடிகர். அடுத்து உணர்பவர் வீட்டிலிருந்து பார்க்கும் நேயர். எழுதியவர் சில வேளை உணராமலே போகலாம். நடிகராயிருந்த மார்லண்ட் இந்த இடைவெளியை நன்கு அறிந்தவர்.

ஒலிபரப்பிலிருந்து நீக்கப்படும் ஆபத்தில் இருந்த 'ஜெனரல் ஹொஸ்பிட்டல்' 1970 களின் பிற்பகுதியிற் புத்துயிர் பெற்றமைக்கு இவர் எழுத்தும் ஒரு காரணமாயிற்று. 1979 இல் வழிகாட்டும் ஒளியின் தலைமை எழுத்தாளரானார். தங்குமடம் நடத்தும் ரியர்டன் குடும்பத்தை அங்கே படைத்தார். அக்குடும்பத்து நோலா என்னும் பெண், வறுமையினின்று தப்ப வழி தேடிச் சூழ்ச்சியும் செய்வாள். பழைய திரைப்படங்களின் நாயகியாகத் தன்னைப் பாவித்துப் பகற்கனவும் காண்பாள். குற்றம் செய்பவளை வெறுக்கவொட்டாது செய்யும் வித்தை அது. தீயவனாக நடிக்கும் நடிகரும் தம் பாத்திரத்தின் பக்கத்து நியாயத்தைத் தேடிக்கொண்டே நடிப்பர். அப்பழக்கமே எழுத்திலும் தொடர்ந்தது. அவர் தலைமையில் எழுதியோர் 1981 இலும் 1982 இலும் தொடர் நாடக எழுத்துக்குரிய எமி விருதைப் பெற்றனர்.

புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையிலேயே சோதனை வந்தது. 1982 இல் அந்நாடகத்தில் நடித்துவந்த ஜேன் எலியட் என்னும் நடிகை வேலையினின்று நீக்கப்பட்டார். அவருக்கெனச் சிக்கலானதொரு பாத்திரத்தை மார்லண்ட் வளர்த்து வந்திருந்தார். கதை இன்னும் முடிவுறவில்லை. எழுத்தாளர் வேறொரு காரணங் கற்பித்து அப்பாத்திரத்தை ஊரைவிட்டு அனுப்பியிருக்கலாம். தொழிலில் அது வழக்கமே. மார்லண்ட் அவ்வாறு செய்யாது தம் பதவியைத் துறந்தார். விருது கையிலிருக்க, வருவாய் மிக்க வேலையை ஒரு நடிகையின் பொருட்டு விடுதல் எளிதன்று. முன்னே கோப்பி ஊற்றிய விதம் பற்றிக் கூறப்பட்ட செய்தியையும் இதனையும் அருகருகே வைத்து நோக்கின், ஒரே தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்த இருவர் எத்துணை வேறுபட்ட மனங்களோடு வந்தனர் என்பது புலனாகும்.

1983 இல் அக்னெஸ் நிக்சன் என்பாருடன் 'லவிங்' என்னும் தொடரைத் தோற்றுவித்தார். அக்னெஸ் நிக்சனும் பிலிப்ஸ் அம்மையாரிடம் தொழில் பயின்றவரே. 1985 இல் மார்லண்ட், தாம் முன்பு நடித்த உலகம் சுழல்கையில் நாடகத்துக்கே தலைமை எழுத்தாளராக மீண்டார். 1993 மார்ச்சில் மறையும்வரை அப்பணியிலிருந்தார். பிறர் வசனத்தைப் பேசிச் சென்ற ஓர் அரங்கத்துக்கு, அதன் கதை முழுவதையும் வகுப்பவராகத் திரும்புதல் அரிய வாய்ப்பு.

அங்கே அவர் முதலிற் செய்தது பழைய பாத்திரங்களைப் போற்றியதாகும். புதிய எழுத்தாளர் பலர் தம் திறமையைக் காட்டும் ஆவலில் முதியோரை ஒதுக்கிவிட்டுப் புதியோரை நிரப்புவர். மார்லண்ட் ஹியூஸ் குடும்பத்து முதியோரை மீண்டும் நாடகத்தின் நடுவே இருத்தினார். நான்சியின் கணவரான கிறிஸ் ஹியூஸாகத் தொடக்கமுதல் நடித்துவந்த டொன் மக்லொக்லின் 1986 இற் காலமானார். அப்பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்கவில்லை; நாடகத்திலும் கிறிஸ் மறைந்தார். முப்பது ஆண்டாக அவ்விருவரையும் தம் வீட்டாரைப்போற் கண்டு வந்த நேயருக்கு, அத்துயரம் கற்பனையாய்த் தோன்றியிராது.

புதியோரைச் சேர்க்கும்போதும் அவசரம் காட்டவில்லை. ஸ்னைடர் என்னும் கமக்காரக் குடும்பத்தைத் தம் இளமைக்கால அனுபவத்தை அடியாகக்கொண்டு படைத்தார். எம்மா என்னும் தாயும் பிள்ளைகளும் கமமும் சமையலறை மேசையுமாக அக்குடும்பம் சிறுகச் சிறுக நாடகத்தில் வேர்விட்டது. செல்வர் மாளிகைகளும் வைத்தியசாலைகளும் நிறைந்த பகல் நாடகத்தில், கைகளால் உழைத்துண்ணும் குடும்பமொன்று நிலைபெற்றது. 1988 இல் ஹாங்க் எலியட் என்னும் ஆடை வடிவமைப்பாளனை அறிமுகஞ் செய்தார். அவன் ஆண்பாலாரை விரும்பும் இயல்பினன். முதலில் அவனை நல்ல நண்பனாகவும் நம்பத்தக்கவனாகவும் நேயர் அறியச் செய்தார்; அவ்வியல்பு பின்னரே வெளிப்பட்டது. பழகிய ஒருவனை வெறுத்தல் கடினம் என்பதை உணர்ந்தே கதை அவ்வாறு வகுக்கப்பட்டது. அமெரிக்கப் பகல் நாடகம் அதுவரை தொடத் தயங்கிய பொருள் அது.

மார்லண்டின் தொழில்நெறிகள் 1993 இல் நாடக இதழொன்றில் வெளியாகின. ஒரு நாடகத்தைக் கெடுக்காதிருப்பது எவ்வாறு என்பதே அவற்றின் பொருள். எழுத வருபவர் முதலில் அந்நாடகத்தைப் பார்க்கவேண்டும். அதன் பழங்கதையைக் கற்கவேண்டும். நேயர் எழுதும் கடிதங்களைப் படிக்கவேண்டும். நடிகர் உட்பட அனைவரோடும் உரையாடவேண்டும். நிலைபெற்ற பாத்திரத்தின் அடிப்படைக் குணத்தை மாற்றலாகாது. புதிய பாத்திரத்தை மெல்ல மெல்ல வளர்க்கவேண்டும். வந்தவுடன் எவரையும் நீக்கலாகாது; ஆறு மாதமாவது பொறுத்திருக்கவேண்டும். இவற்றுள் ஒன்றேனும் சொல்லலங்காரத்தைப் பற்றியதன்று. எல்லாம் பொறுமையையும் கேட்கும் பழக்கத்தையும் பற்றியனவே. முதல் நாள் நாடகக் குழுவிற் புகும் நடிகர் ஒருவர் கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கமும் இதுவன்றோ? அவர் பேசுமுன் பிறர் பேசுவதைக் கேட்கவேண்டும். தமக்கு முன் அம்மேடையில் நிகழ்ந்தவற்றை அறிந்திருக்கவேண்டும்.

வழிகாட்டும் ஒளி, வானொலிக் காலமும் சேர்த்து 72 ஆண்டு நடந்து, 2009 செப்தெம்பர் 18 இல் முடிவுற்றது. உலகம் சுழல்கையில் 54 ஆண்டு நடந்து, 2010 செப்தெம்பர் 17 இல் முடிவெய்தியது. பகற்பொழுதில் வீட்டிலிருந்து பார்ப்போர் தொகை குறைந்தமையும், ஒளிவழிகள் பெருகியமையும், செலவு உயர்ந்தமையும் அதற்குக் காரணங்களாயின. ஆயினும் முடிவற்ற கதை என்னும் வடிவம் அழிந்துவிடவில்லை. உலகின் பல மொழிகளில் மாலைதோறும் தொடர் நாடகங்கள் வீடுகளை ஆள்கின்றன. அவற்றில் நடிப்போருட் சிலர் எழுதவும் விரும்புகின்றனர்.

அவ்வாறு விரும்புவோருக்கு இவ்விருவர் வாழ்க்கையும் சில உண்மைகளைக் கூறும். முகம் மறையும், பெயர், நாடக முடிவில் விரைந்தோடும் எழுத்துக்களிடையே ஒரு கணம் தோன்றி மறையும். எழுதியது தமக்கு உரியதா, கூலி கொடுப்போருக்கு உரியதா என்பதைக் கையொப்பமிடுமுன் அறிந்துகொள்ளவேண்டும். இதனைப் பிலிப்ஸ் அம்மையார் வழக்குமன்றத்திற் கற்றார். நடித்துப் பழகிய நாவு நல்ல வசனத்தை ஆக்க உதவும். அது பெறுதற்கெளிய பேறு. தாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் நாளை ஒருவர் தம் குரலாலும் உடலாலும் சுமக்கவேண்டும் என்னும் நினைவை, அதிகாரம் கைவந்த பின்னும் இழவாதிருத்தலே கடினம். மேடையின் கீழ்ப்படியில் நின்ற நாளை மறவாத எழுத்தாளரிடம் நடிகர் நம்பிக்கையுடன் தம் பாத்திரத்தை ஒப்படைப்பர். நேயரும் அவ்வாறே தம் மாலைப்பொழுதை ஒப்படைப்பர்.